பதிலோடு அந்த வரியையும் கொடுங்கள்

இணையத்தில் தமிழில் வரும் அன்றாடக் கேள்விகளுக்குச் சம்பளமில்லாமல் பதில் எழுதிக்கொண்டிருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

கரண்ட் பில் இந்த முறை ஏன் இவ்வளவு வந்தது? சிலிண்டர் தலையில் போட்டிருக்கும் எழுத்துக்கு என்ன அர்த்தம்? பத்து ரூபாய்க் காசைக் கடையில் வாங்க மாட்டேன் என்கிறார்களே, செல்லாதா? ஓடிபியைச் சொல்லிப் பணம் போய்விட்டது, இனி யாரிடம் போவது? இப்படிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. நடு ராத்திரியிலும் யாராவது கேட்கிறார்கள். உங்களில் யாராவது ஒருவர் பதில் எழுதிவிடுகிறீர்கள். கூலி கிடையாது, பல நேரம் ஒரு நன்றிகூட வராது. நான் ஒரு மாவட்ட மைய நூலகத்தில் ரெஃபரன்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறவன். பகலில் மேசைக்கு வருபவர்களுக்குச் செய்யும் அதே வேலையை ராத்திரியில் உங்களோடு சேர்ந்து இணையத்தில் செய்கிறேன். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

நான் கேட்பது இதுதான். பதில் எழுதும்போது அது எங்கிருந்து வந்தது, அந்த ஆவணத்தின் தேதி என்ன என்பதைச் சேர்த்து எழுதுங்கள். அதில் நம் பதிலுக்கு ஆதாரமாக இருக்கும் அந்த ஒரு வரியைத் தமிழில் எடுத்துப் போடுங்கள்.

நம்மிடம் கேட்பவர் பெரும்பாலும் பொழுதுபோக்குக்காகக் கேட்பதில்லை. பதிலைப் படித்துவிட்டு மறுநாள் காலையில் ஈ.பி. ஆபீசுக்கோ வங்கிக்கோ கேஸ் ஏஜென்சிக்கோ போய் நிற்கப் போகிறவர். அங்கே கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "யார் சொன்னாங்க?" என்று கேட்பார். "ஃபோன்ல பார்த்தேன்" என்பதற்கு அங்கே மதிப்பில்லை. "ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் இருக்கிறது" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஆக வேண்டும். பதில் எழுதியது நாம். அதை வைத்துக்கொண்டு வாதாடப் போவது அவர். அவர் கையில் எதைக் கொடுத்து அனுப்புகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

மின்கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. வீட்டு இணைப்புக்கு 2016 மே மாதத்திலிருந்து முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் பில் சட்டென்று ஏறுகிறது என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். ஏன் ஏறுகிறது என்று கேட்டால் இரண்டு பதில்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. "500ஐத் தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் 8 ரூபாய் போட்டுவிடுவான்" என்பது ஒன்று. "இலவச 100 யூனிட் போய்விடும்" என்பது இன்னொன்று. இரண்டும் தவறு.

2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப் பட்டியலைப் பார்த்தால் விஷயம் புரியும். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் ஒரு பட்டியல், ஒரு யூனிட் கூடினாலும் வேறொரு பட்டியல். 500க்குள் இருப்பவருக்கு முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய். கூட்டிப் பாருங்கள்: 225, 900, 600. மொத்தம் 1,725 ரூபாய். இப்போது 501 யூனிட் ஓடியவரின் பட்டியல். அவருக்கும் முதல் 100 இலவசம்தான். ஆனால் 101 முதல் 400 வரை முழுக்க 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய். 501வது யூனிட்டுக்கு 8 ரூபாய். 1,350, 600, 8. மொத்தம் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் வித்தியாசம். அதில் 8 ரூபாய்தான் அந்த யூனிட்டின் விலை. மீதி 225 ரூபாய், 101 முதல் 200 வரையிலான 100 யூனிட்டுக்குக் கிடைத்துவந்த மலிவு விலை பறிபோனதால் வந்தது.

இந்தக் கணக்கைக் காட்டிவிட்டால் கேட்டவர் அடுத்த முறை தானே போட்டுப் பார்ப்பார். "மொத்த யூனிட்டுக்கும் 8 ரூபாய்" என்று நம்பியிருப்பவர் 501 யூனிட்டுக்கு 4,008 ரூபாய் வர வேண்டும் என்று நினைப்பார். பில்லில் அது வராததைப் பார்த்துவிட்டு, எதையும் நம்ப முடியாது என்று விட்டுவிடுவார். தேதியை நான் வலியுறுத்துவதற்குக் காரணமும் இங்கேயே இருக்கிறது. மேலே சொன்ன விலைகள் 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் உள்ளவை. அதன் பிறகும் விலை மாறிவிட்டது, 2024 ஜூலையிலும் கூடியது. ஆனால் இன்றைக்கும் 2022 பட்டியலையும், அதற்கு முந்தைய 2017 பட்டியலையும்கூட, தேதி வெட்டிய படமாகப் போட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். படத்தில் தவறு இல்லை. அந்தந்தக் காலத்துக்கு அது சரியான பட்டியல்தான். தேதி இல்லாததால் இன்று அது பொய்யாகிவிட்டது.

"நான்தான் லிங்க் போட்டேனே" என்று சிலர் கேட்பீர்கள். போடுகிறீர்கள், அது பெரிய விஷயம். ஆனால் அந்த லிங்க் எங்கே போகிறது என்று கேட்டவரின் இடத்தில் நின்று பாருங்கள். மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணை நூற்றுக்கணக்கான பக்கம் ஓடும் ஆங்கில பிடிஎஃப். தமிழில் கேள்வி கேட்டவருக்கு அதைக் கொடுப்பது, ஊரின் பெயரை மட்டும் சொல்லி வீட்டைத் தேடிக்கொள்ளச் சொல்வது மாதிரி. பக்க எண்ணைச் சொல்லுங்கள், அட்டவணை எண்ணைச் சொல்லுங்கள், அந்த வரியைத் தமிழாக்கிப் போடுங்கள். ஆங்கிலம் தெரிந்தவர் மூலத்தைத் திறந்து சரிபார்க்கட்டும். தெரியாதவருக்கு நம் தமிழ் வரி இருக்கட்டும்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் பொறுப்பேற்றார். அவர் வகுத்த நூலக விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. எங்கள் தொழிலில் அதை ஒரு நாளும் மறக்க முடியாது. அலமாரியைக் கைகாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவது எங்களுக்கு வேலையாகாது. புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் திறந்து, விரலை வைத்துக் காட்ட வேண்டும். இணையத்தில் பதில் சொல்பவருக்கும் அதே விதி பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய தமிழ் ஆவணங்கள் பலவும் ஒருங்குறி (யூனிகோடு) அல்லாத எழுத்துருவில் இருக்கின்றன, அல்லது தாளை ஸ்கேன் செய்த படமாக இருக்கின்றன. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010இல். அதற்கு முன்னால் வந்த கோப்புகளில் ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் பொருளில்லாத எழுத்துக் குவியல்தான் வரும். தேடுபொறியிலும் அது அகப்படாது. ஆகவே அந்த ஒரு வரியை நீங்கள் கையால் தட்டச்சு செய்து போட்டால், அதுவே இணையத்தில் அந்த விஷயத்துக்குத் தேடிக் கிடைக்கும் முதல் தமிழ் வரியாக இருக்கக்கூடும். நாளைக்கு வேறொருவர் தேடும்போது அது அகப்படும்.

அடுத்து, வரியை முழுதாகப் படிப்பது பற்றி. இதில்தான் எனக்கு மனவருத்தம் அதிகம், ஏனென்றால் இங்கே நஷ்டம் ஏழைகளின் பணத்தில் விழுகிறது.

"கணக்கிலிருந்து பணம் போனால் மூன்று நாளுக்குள் வங்கியில் சொல்லிவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும், ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது" என்று எழுதுகிறார்கள். விதி இருப்பது உண்மை. 2017 ஜூலை 6 தேதியிட்ட சுற்றறிக்கை அது. ஆனால் 2017இல் அந்தச் சுற்றறிக்கை வகுத்தது இவ்வளவு எளிதாக இல்லை. தவறு வங்கியின் பக்கம் என்றால், வாடிக்கையாளர் புகார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவருக்கு நஷ்டம் இல்லை. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, இடையில் எங்கோ நடந்தது என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் அவருக்குப் பொறுப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் சொன்னால் கணக்கின் வகையைப் பொறுத்து ஒரு வரம்பு வரை நஷ்டம் அவருடையது. சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அந்த வரம்பு 10,000 ரூபாய். ஆனால் ஓடிபியையோ ரகசிய எண்ணையோ வாடிக்கையாளரே சொல்லிவிட்டது போன்ற கவனக்குறைவு என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் முழுக்க அவருடைய நஷ்டம். தெரிவித்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு.

இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிட்டு எழுதிய பதிலைப் படித்த ஒருவர், "மூன்று நாள் இருக்கிறதே, திங்கட்கிழமை போய்க்கொள்ளலாம்" என்று இருந்துவிடுவார். ஓடிபி சொன்னவருக்கு மூன்று நாள் அவகாசமே கிடையாது. ஒவ்வொரு நிமிடமும் அவர் கணக்கில் ஓடுகிறது. உடனே வங்கியின் எண்ணுக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அழைக்க வேண்டியவர் அவர். பாதி விதியைச் சொன்ன அந்தப் பதில் அவரை உட்கார வைத்துவிட்டது.

அதே சுற்றறிக்கையில் கேட்பவருக்குச் சாதகமான இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அவற்றை யாரும் எழுதுவதில்லை. வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது. புகார் கொடுத்த பத்து வேலை நாட்களுக்குள், விசாரணை முடிவதற்கு முன்பே, அந்தத் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். வங்கிக் கவுன்டரில் "நீங்கதான் ஓடிபி சொல்லியிருப்பீங்க" என்று கேட்டதும் வாயடைத்துப் போய்த் திரும்பி வருபவர்களுக்கு இந்த இரண்டு வரிகளும் கையில் இருக்க வேண்டும். முழுச் சுற்றறிக்கையும் ஒரு சில பக்கம்தான். படித்துவிட்டு எழுதலாம். ரிசர்வ் வங்கி விதிகள் அவ்வப்போது மாறுபவை. பதில் எழுதும் அன்றைக்கு அந்தச் சுற்றறிக்கை நடப்பில் இருக்கிறதா, அதற்குப் பின் வேறு வந்திருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சொல்லாத ஒன்றை மூலத்தின் தலையில் கட்டுவதும் நடக்கிறது. பத்து ரூபாய்க் காசு நல்ல உதாரணம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் அதை வாங்க மறுக்கிறார்கள். பத்துக் கோடு இருந்தால் அசல், பதினைந்து கோடு இருந்தால் போலி, ரூபாய்க் குறி இல்லாவிட்டால் போலி என்று ஆளாளுக்கு ஒரு இலக்கணம். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17 அன்று ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது. அதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வெளிவந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்பது அதன் சாரம். வடிவங்கள் பல இருப்பதால்தான் கோடுகளும் மாறுகின்றன. ரூபாய்க் குறி 2010இல்தான் வந்தது, அதற்கு முன் அடித்த நாணயத்தில் அது எப்படி இருக்கும்? இந்தப் பதிலே போதும். நாணயச் சட்டம் 2011, ஆறாவது பிரிவு, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நாணயங்களால் ஆயிரம் ரூபாய் வரை பணம் செலுத்தலாம் என்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இங்கே நிறுத்திக்கொள்ளாமல், "வாங்க மறுத்தால் தேசத்துரோக வழக்கு, 124ஏ பிரிவு" என்று எழுதுகிறார்கள். அந்தப் பிரிவைத் திறந்து படித்தவர் யாரும் அப்படி எழுத முடியாது. அரசின் மீது வெறுப்பைத் தூண்டுவது பற்றிய பிரிவு அது. நாணயம் என்ற சொல்லே அதில் கிடையாது. 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவின் பயன்பாட்டை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. சட்டப் பிரிவின் எண்ணைப் போட்டால் பதிலுக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது என்பது உண்மை. அந்தக் கனத்தை நம்பி ஒருவர் மளிகைக் கடைக்காரரிடம் போய் "உன்னை உள்ளே தள்ளிடுவேன்" என்று சண்டை பிடிக்கிறார். கடைக்காரருக்கு அந்த 2018 செய்திக்குறிப்பைக் காட்டியிருந்தால் காசை வாங்கிக் கல்லாவில் போட்டிருக்கவும் கூடும்.

ஆவணம் உண்மையாகவே இருந்து, பிறகு திரும்பப் பெறப்பட்டதும் உண்டு. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், ஆதார் நகலை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று ஒரு செய்திக்குறிப்பு விட்டது. தவறாகப் புரிந்துகொள்ள இடம் இருக்கிறது என்று சொல்லி மே 29 அன்று அதைத் திரும்பப் பெற்றார்கள். முதல் குறிப்பின் படம் இன்னும் சுற்றுகிறது. அது போலி அல்ல, ஆனால் அதன் ஆயுள் இரண்டு நாள்தான்.

இதற்கெல்லாம் எங்கே நேரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வேலை முடிந்து வந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டு, கிடைக்கும் அரைமணியில் எழுதுகிறவர்கள் நாம். ஆனால் எல்லாக் கேள்விக்கும் சுற்றறிக்கை தேட வேண்டியதில்லை. பல கேள்விகளுக்கான ஆதாரம் கேட்டவரின் வீட்டிலேயே இருக்கிறது. என்னைக் கேட்டால் அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது, ஏனென்றால் நம்மை நம்ப வேண்டிய அவசியமே அவருக்கு இல்லாமல் போய்விடுகிறது.

சமையல் கேஸ் சிலிண்டரைப் பாருங்கள். மேலே உள்ள வளையத்தைத் தாங்கி நிற்கும் மூன்று தகடுகளில் ஒன்றின் உட்பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். "பி 27" என்று வைத்துக்கொள்வோம். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். இலக்கம் ஆண்டு. இந்த அளவுக்கு எல்லோரும் சரியாகவே எழுதுகிறார்கள். அதற்குப் பிறகு "கேஸ் காலாவதியாகும் தேதி, தாண்டினால் வெடிக்கும்" என்று சேர்த்துவிடுகிறார்கள். கேஸ் காலாவதியாவதில்லை. அந்த இரும்பு உருளையை மறுபடியும் அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டிய காலம் அது. புதிதாகச் செய்த சிலிண்டருக்குப் பத்து ஆண்டில் முதல் சோதனை, அதற்குப் பின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. தேதி தாண்டியிருந்தால் டெலிவரிக்கு வந்தவரிடமே மாற்றிக் கேளுங்கள் என்பது சரியான யோசனை. வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் சிலிண்டரின் தேதி நேற்றோடு முடிந்துவிட்டது என்று கண்டுபிடித்துப் பதறி, ராத்திரியில் அதை உருட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பதற்றத்துக்கு நாம் காரணமாகக் கூடாது. வாடை வந்தால் மட்டும் விஷயம் வேறு: ரெகுலேட்டரை மூடி, சுவிட்ச் எதையும் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906க்கு அழைக்க வேண்டும். இதையும் அதே பதிலில் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, "எங்கள் வீட்டில் எம்சிபி இருக்கிறது, ஷாக் அடித்தால் கட் ஆகிவிடும்தானே?" என்ற கேள்வி. ஆகாது. எம்சிபி என்ற அந்தத் தானாக விழும் சுவிட்ச் ஒயரைக் காப்பாற்றுவதற்காக இருப்பது. லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ விழும். மனித உடலில் சில பத்து மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. ஆளைக் காப்பாற்றுவதற்கு, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வேண்டும். இதற்கு நான் புத்தகத்தைக் காட்டுவதில்லை. மீட்டர் பக்கம் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் 'T' என்று எழுதிய சின்ன பொத்தான் ஒன்று இருக்கிறதா? அதன் அருகே 0.03 ஆம்பியர் அல்லது 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதா? இருந்தால் ஆர்சிசிபி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் விழ வேண்டும். விழாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். அப்படிப் பொத்தானே இல்லை என்றால், இவ்வளவு நாள் பாதுகாப்பு இல்லாமல் இருந்திருக்கிறோம் என்று அவருக்கே தெரிந்துவிடும். ஃபிரிட்ஜ், ஏசி பற்றிய கேள்விகளும் இப்படித்தான். அதன் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அதைப் படித்துச் சொல்லச் சொல்லிவிட்டுப் பதில் எழுதலாம்.

அனுபவத்திலிருந்து பதில் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. மோட்டார் காயில் கட்டுகிற ஒருவர் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லுவார், அதற்கு எந்த ஆவணமும் தேவையில்லை. அவருடைய அனுபவமே ஆதாரம். அப்படி என்றால் அதையே எழுதிவிடுங்கள்: "இது என் தொழில் அனுபவம், இன்ன வகை மோட்டாரில் பார்த்தது." படிப்பவர் தன் மோட்டார் அந்த வகையா என்று பார்த்துக்கொள்வார். சங்கடம் எங்கே வருகிறது என்றால், ஒருவர் தன் அனுபவத்தை விதி மாதிரி எழுதும்போதும், கேள்விப்பட்டதை அனுபவம் மாதிரி எழுதும்போதும்தான்.

இப்போது புதிதாக வந்திருக்கும் பழக்கம், ஏஐயிடம் கேட்டு அப்படியே ஒட்டுவது. தமிழ் நன்றாக எழுதித் தருகிறது. கேட்டால் அரசாணை எண்ணும் தேதியும்கூடத் தருகிறது. அந்த எண்ணைத் திறந்து பார்க்காமல் போடாதீர்கள். 2023இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் வழக்கறிஞர்கள் இருவர் ஏஐ கொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். அப்படித் தீர்ப்புகளே இல்லை. 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. தொழிலே மேற்கோளாக இருப்பவர்களுக்கே அந்தக் கதி. ஏஐ காட்டும் திசையில் போய்த் தேடலாம், நானும் தேடுகிறேன். ஆனால் ஆதாரம் என்று எழுத வேண்டியது நம் கண்ணால் பார்த்த பக்கத்தை மட்டுமே. ஒரு யூடியூப் காணொளியை ஆதாரம் என்று போடுபவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். அந்தக் காணொளியில் பேசுபவர் எதைப் பார்த்துப் பேசினார் என்று தேடி, அதைப் போடுங்கள். விக்கிப்பீடியாவிலும் அப்படித்தான், கட்டுரையின் அடிக்குறிப்பைத் திறந்து உள்ளே போக வேண்டும்.

அரசுத் தளங்களின் முகவரிகள் மாறிக்கொண்டே இருக்கும். இன்று நீங்கள் போட்ட லிங்க் அடுத்த வருடம் வெற்றுப் பக்கத்தைக் காட்டலாம். அதனால் பக்கத்தை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒரு பிரதி சேமித்துவிட்டு, அந்த முகவரியையும் சேர்த்துப் போடுங்கள். இலவசம், சில நொடிகள்தான் ஆகும். ஆவணத்தின் பெயர், எண், தேதி மூன்றையும் எழுத்திலேயே எழுதிவிட்டால் லிங்க் செத்தாலும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.

கேட்பவர்களிடமும் கொஞ்சம் பொறுமை காட்டுவோம். "கூகுள்ல தேடத் தெரியாதா?" என்று எழுதுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. தேடத் தெரிந்தால் அவர் ஏன் நம்மிடம் வருகிறார்? தேடியிருப்பார், ஆங்கிலத்தில் வந்திருக்கும், அல்லது பத்துத் தளங்களில் பத்து விதமாக வந்திருக்கும். எந்த ஊர், எந்த வருடத்துப் பில், எந்த வங்கி, என்ன கணக்கு என்று இரண்டு கேள்வி திருப்பிக் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். நூலகத்து மேசையில் நாங்கள் முதலில் செய்வது அதுதான். வந்தவர் கேட்கிற கேள்வியும் அவருக்கு வேண்டியதும் பல நேரம் வேறு வேறாக இருக்கும். தெரியாத கேள்விக்கு "எனக்குத் தெரியவில்லை, இன்ன இடத்தில் கேட்டுப் பாருங்கள்" என்று எழுதுவதும் முழுமையான பதில்தான். மருந்தின் அளவு பற்றிய கேள்விகளுக்கு நான் அதை மட்டுமே எழுதுகிறேன்.

கடைசியாக, நம்மால் சேர்ந்து செய்யக்கூடிய ஒன்று. தமிழில் மூலமே இல்லாத விஷயங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காவது பிரிவு, அலுவலகங்கள் தாமாகவே தகவல்களை வெளியிட வேண்டும் என்கிறது. அதன் நான்காவது உட்பிரிவு, அப்படி வெளியிடும்போது அந்த வட்டாரத்தின் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். அலுவலகத்தில் இருக்கும் தகவலைத்தான் தருவார்கள், புதிதாக மொழிபெயர்த்துத் தரும் கட்டாயம் இல்லை. ஆனால் தமிழ்ப் பிரதி இருந்தால் கைக்கு வந்துவிடும். இல்லை என்றால் இல்லை என்று எழுத்தில் வரும். அதைக் காட்டி, நான்காவது பிரிவைச் சுட்டி, வெளியிடச் சொல்லி எழுதலாம்.

உங்களில் பட்டா, வில்லங்கச் சான்று பற்றி எழுதுகிறவர்கள் இருக்கிறீர்கள். ரேஷன் கார்டு பற்றி எழுதுகிறவர்கள், பயிர்க் காப்பீடு பற்றி எழுதுகிறவர்கள் இருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு துறையை எடுத்துக்கொண்டு, உங்களிடம் அடிக்கடி வரும் கேள்விக்கு எந்த ஆவணம் தேவைப்படுகிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். விண்ணப்பத்தின் வாசகத்தை நான் எழுதித் தருகிறேன். அனுப்புவதற்கு முன் உங்களில் இருவராவது படித்துத் திருத்திவிடுங்கள். வரும் பதில்களை, தேதியோடும் எண்ணோடும், தமிழில் தட்டச்சு செய்து எல்லோருக்கும் எட்டும்படி வைப்போம்.

அன்புடன்,
மாவட்ட மைய நூலகத்து ரெஃபரன்ஸ் மேசையிலிருந்து
உங்களில் ஒருவன்